கரை கட்டுமுன்

ஃபிரீஸ்லாந்தில் பிப்ரவரி. விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
கடல் எங்களுக்கு மேலே இருக்கிறது.
மிகைச்சொல் இல்லை: அணைகரைக்கு அந்தப் பக்கம் அலை நிற்பது
இந்தத் தொழுவத்தின் கதவுத் தாழ் உயரத்தில்.

யெல்மர் கூப்பிட்டிருந்தான். அறுபத்தொன்று உதைக்கிறாளாம்.
பசுக்களுக்கு இங்கே எண்தான் பெயர்.
அவன் தங்கை ஹிஸ்கெ மட்டும் தனியாக வேறு வைத்திருக்கிறாள்,
கேட்டால் சிரிப்பாள்.

பின்பக்கம், வலது காம்பு. கை வைத்தால் சுடுகிறது.
நாலு குழித் தட்டில் நாலு காம்பின் பால்,
மேலே ஊதாக் கரைசல், ஒரு சுழற்று.
மூன்று குழியில் பால் பாலாகவே ஓடுகிறது.
நான்காவதில் முட்டை வெள்ளையாய்
கொழகொழவென்று திரண்டு
தட்டைச் சாய்த்தாலும் நகர மறுக்கிறது.

"எப்போதிருந்து?"
"நேற்று மாலை கறந்தபோது இல்லை."
சத்தியம் செய்கிறவன்போலத் தொப்பியைக் கழற்றுகிறான்.

நேற்று மாலை இல்லையென்றால்
இன்றிரவு நம்முடையது.
இப்போது அவை ஒற்றை ஒற்றையாய்ப்
பாலில் மிதக்கும் நாடோடிகள்.
ஒன்று மடியின் உட்சுவரில் ஒட்டும்.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு வாயில்லாத ஒரு பேச்சு, தலை எண்ணும் பேச்சு:
போதுமா நாம்? போதுமா?
போதும் என்றானதும் பசை கசியும்.
பசுவின் ரத்தத்து நாரையே உருவிக் குழைத்து
தலைக்குமேல் ஒரு கூரை போட்டுக்கொள்ளும்.
உள்ளே பசி குறையும், வளர்ச்சி குறையும்,
அப்படியே ஒரு தூக்கம்.
வளர்கிறவற்றைத்தான் என் மருந்து கொல்லும்.
தூங்குகிறவன் வாயில் விஷம் எப்படி ஊட்ட?

இதை இவர்களுக்கு நான் விளக்கியதே இல்லை.
களிமண்ணை மிதித்துக் குழைத்துக்
கடலை வெளியே நிறுத்தியவர்களின் வம்சம்.
முதல் நாள் கரையைக் குழந்தை காலால் தள்ளலாம்.
புல் முளைத்த கரையை
வடகடல் வந்து முட்டினாலும் ஆகாது.

காம்பின் நுனியைத் துடைத்து, குழலை நுழைத்து, அழுத்துகிறேன்.
உதைக்கிறாள். என் முழங்கையில்.
சரி, கோபம் இருக்கிறது, நல்லது.

கடைசித் தடுப்பில் எண்பத்துநான்கு.
உதைப்பதில்லை. மடியின் ஒரு பக்கம்
தட்டினால் பலகை.
நவம்பரில் அவளுக்கும் இதே கிருமி, இதே மருந்து.
இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்தினான்.
"பால் தெளிந்துவிட்டது."
மிச்சக் குழல்களைக் குளிர்பெட்டியில்
வெண்ணெய்க்குப் பின்னால் ஹிஸ்கெதான் கண்டெடுத்தாள்.
அவனைத் திட்டவும் முடியவில்லை.
மருந்துப் பாலை விற்க முடியாது, சாணிக்குழியில்தான் கொட்டவேண்டும்,
அந்த மாதம் வங்கிக் கடிதம் இரண்டு வந்திருந்தது.

அரைகுறை மருந்து கொல்வதில்லை.
சில சமயம் எச்சரிக்கிறது.
இன்னும் கொஞ்சம் பசை, இன்னும் கொஞ்சம் கூரை,
சீக்கிரம், சீக்கிரம் என்று.

ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில்
எண்பத்துநான்கின் கிருமி சமர்த்தாகச் செத்துப்போனது.
மருந்து கேட்கும் என்று அறிக்கை.
கேட்கத்தான் செய்யும். தட்டில் அதற்கு வீடில்லை.
வியாழக்கிழமை லாரி வருகிறது.

அறுபத்தொன்றுக்கு ஐந்து நாள் எழுதிக்கொடுத்தேன்.
கறவைக் குழாயின் ரப்பரைக் கழற்றி
உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தேன்,
கொஞ்சம் வழுக்கியது. மாற்றச் சொன்னேன்.
காரில் ஏறும்போதும் முழங்கை வலித்தது.

மூன்றாம் நாள் காலை யெல்மரின் அழைப்பு.
"பால் தெளிந்துவிட்டது."
அதே இரண்டு சொல்.
நான் பேசவில்லை. அந்தப் பக்கம்
மோட்டார் ஓடும் சத்தம், வாளி நகரும் சத்தம்,
ஒரு மனிதன் மனசுக்குள் லிட்டர் கணக்குப் போடும் சத்தம்கூட.

பிறகு தூரத்தில் ஹிஸ்கெ,
என்னிடம் அல்ல, அவனிடம்:
"இன்னும் நாலு குழல் இருக்கு.
நகரு."